நீருக்கேற்ற மரம்

வேப்பம்பட்டிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒரு நீர்நிலையின் கரையில் போய் நின்றுவிடலாம். மேற்கே திருவள்ளூரைத் தாண்டினால் பூண்டி நீர்த்தேக்கம். கிழக்கே புழல் ஏரியும் சோழவரம் ஏரியும். தெற்கே செம்பரம்பாக்கம். பட்டணத்துப் பக்கம் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனான திருநின்றவூரில் இறங்கினால் அங்கேயும் ஓர் ஏரி. வடகிழக்கே பொன்னேரி வழியாகப் போனால், கடலுக்கும் தரைக்கும் நடுவே அகலமாகப் படுத்துக் கிடக்கும் பழவேற்காடு. இவற்றுக்கிடையே கொசஸ்தலை ஆறு. பூண்டியில் சற்று நின்று இளைப்பாறிவிட்டு, எண்ணூருக்குப் போய்க் கடலில் விழுகிறது. ஏரி, ஆறு, காயல், கடல் என்று நால்வகை நீரும் ஒரு பகல் தூரத்துக்குள் அமைந்த பூமி இது.

இப்பேர்ப்பட்ட பூமியில் அண்மைக் காலமாக ஒரு புதுக் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறது. கோவளம் கடற்கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அலைமேல் பலகை விட்டு விளையாடுவதைப் பார்த்து வந்தவர்களும், தொழிற்பேட்டைகளில் வாரம் ஆறு நாள் இயந்திரத்தோடு மல்லாடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் காற்று வாங்க ஆசைப்படுகிறவர்களும் கேட்கும் கேள்வி அது. நீண்ட பலகை ஒன்றின் மேல் நின்றபடியே துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார்களே, ‘ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு’ என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அதில் எந்த வடிவம் ஏரிக்கு நல்லது? எந்த வடிவம் ஆற்றுக்கு நல்லது?

விளையாட்டுச் சாமான் கடையில் கேட்க வேண்டிய கேள்விக்குச் சரித்திரக் கட்டுரையில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. இந்தப் பலகை புதிது, கேள்வி புதிதன்று. நம் நாட்டுக் கரைகளில் வாழ்ந்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதையே கேட்டு, ஒவ்வொரு நீருக்கும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறார்கள். விடை பிசகினால் அவர்கள் இழந்தது கைக்காசை மட்டுமல்ல, உயிரையும்தான். ஆகையால் அவர்கள் கண்ட விடைகளைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது நமக்கு நஷ்டமாகாது.

நீரில் மிதப்பவற்றுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். புணை, தெப்பம், மிதவை, பரிசல், ஓடம், தோணி, அம்பி, பஃறி, திமில், வள்ளம், வங்கம், நாவாய்! புலவர்களுக்கு எதுகை மோனைக்கு உதவட்டும் என்று யாரும் இத்தனை பெயர்களைப் படைத்து வைக்கவில்லை. பரதவர் மீன் பிடிக்கக் கடலில் விட்டது திமில். வாணிகச் சரக்கேற்றித் தூர தேசம் போனது வங்கம், நாவாய். உப்பை விற்று, அதற்கு ஈடாக நெல்லை வாங்கிக்கொண்டு காவிரிப்பூம்பட்டினத்துக் கழியில் வந்து நின்றவை பஃறிகள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. நீர் மாறினால் வேலை மாறியது. வேலை மாறினால் வடிவம் மாறியது. வடிவம் மாறவே பெயரும் மாறியது.

வேலைக்கு மட்டுந்தானா? விளையாட்டுக்கும் ஒன்று இருந்தது. அதுதான் புணை. இலேசான கட்டைகளையோ, நாணல் போன்ற வேழத்தண்டுகளையோ சேர்த்துக் கட்டிய சிறு மிதவை. ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் ஆணும் பெண்ணும் புணையைத் தழுவிக்கொண்டு நீராடியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. பரிபாடலில் வையைப் புனலாட்டு ஒரு திருவிழாவாகவே நடக்கிறது. குறுந்தொகைப் பாட்டொன்றில் புணையின் முன்பக்கத்துக்குத் தலைப்புணை என்றும், பின்பக்கத்துக்குக் கடைப்புணை என்றும் தனித்தனிப் பெயர் வருகிறது. பலகை விற்பவர் இன்று ‘நோஸ்’ என்றும் ‘டெயில்’ என்றும் சொல்வதற்கு நம்மிடம் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே சொல் இருந்திருக்கிறது. ஒரு பொருளின் தலைக்கும் கடைக்கும் தனிப் பெயர் வைக்கிறார்கள் என்றால், அந்த இரண்டும் தண்ணீரில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதைக் கவனித்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

இனிக் கடலோரத்துக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் முக்கியமான லட்சணம், அதற்கு இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை என்பது. நீளமான மணற்கரை, அதற்கு முன்னால் வரிசை வரிசையாக அலை மடியும் இடம். இந்த அலையைத் தாண்டிப் போகிறவன்தான் மீனைப் பார்க்க முடியும். சாதாரணப் படகை இதில் விட்டால் முதல் அலையிலேயே தண்ணீர் நிரம்பிக் கவிழ்ந்துவிடும். இதற்கு நம் மீனவர்கள் கண்ட உபாயம் மிகவும் எளியது. வயிறு இருந்தால்தானே தண்ணீர் நிரம்பும்? வயிறே இல்லாத ஒன்றைச் செய்துவிட்டார்கள். கல்யாண முருங்கை, பெருமரம் போன்ற கனமற்ற மரங்களின் கட்டைகளைச் செதுக்கி, மூன்றோ ஐந்தோ சேர்த்துக் கயிற்றால் கட்டி, முன்பக்கத்தை அலையில் புதைந்துவிடாதபடி மேல்நோக்கி வளைத்தார்கள். அலை மேலே ஏறும். கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். மரத்தின் மேல் மண்டியிட்டவன் அப்படியே துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பான். இதுதான் கட்டுமரம். கரையில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. ‘மரம்’ என்றால் போதும்.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்து தேசத்தில் வாழ்ந்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பில், இந்தக் கரையில் ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்கள் ஓடின என்றும் அவற்றுக்குச் ‘சங்கரா’ என்று பெயர் என்றும் காண்கிறோம். கட்டி மிதக்கவிடும் வித்தை அப்போதே இங்கே முதிர்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட உலகப் பயண நூலில் நம் கட்டுமரத்தைப் பெயர் சொல்லியே விவரிக்கிறார். அதன்மேல் போகிறவனுடைய கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே இருப்பது அவருக்கு வேடிக்கையாகப் பட்டிருக்கிறது.

பிறகு அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி அதைவிட வேடிக்கை. பசிபிக் தீவுகளின் இரட்டை ஓடங்களைக் கண்ட ஐரோப்பியர் அவற்றுக்கும் இந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். 1876-இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு ஒடுங்கிய உடல்களை ஒன்றாகப் பிணைத்து ‘அமரில்லிஸ்’ என்ற பாய்மரப் படகைக் கட்டிப் பந்தயத்தில் எல்லோரையும் பின்தள்ளினார். அது முதல் உலகத்தார்க்குக் ‘கேட்டமரான்’ என்றால் இரட்டை உடல் படகு. பெயர் நம்முடையது, பொருள் வேறு யாருடையதோ. மகளுடைய பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு மகளை விட்டுவிட்டுப் போன சம்பந்தம் போலாயிற்று!

சென்னைப் பட்டணத்தில் துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870-களில். 1881-இல் புயல் வந்து கட்டியதைப் பெரும்பகுதி உடைத்துப்போட, மறுபடியும் கட்டினார்கள். அதற்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகச் சீமையிலிருந்து வந்த கப்பல்களெல்லாம் கரையிலிருந்து எட்டவே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கவர்னரானாலும் சரி, கருங்கல் மூட்டையானாலும் சரி, மசூலாப் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். அந்தப் படகின் விசேஷம் அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது என்பது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கி எடுப்பது அவர்கள் பொறுப்பு. படகு போக முடியாத கொந்தளிப்பில், ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்குத் தபால் கொண்டுபோனவர்களும் அவர்களே. ஒரே அலைக்கு இரண்டு விடைகள்! ஆளும் சரக்கும் நனையாமல் போகத் தைத்த படகு. நனைந்தாலும் பாதகமில்லை என்பவனுக்குக் கட்டிய மரம்.

கடலை விட்டு ஆற்றுக்குப் போனால் விடை தலைகீழாக மாறுகிறது. ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அங்கே கட்டுமரத்தை விட்டால் அதன் மூக்கு ஒரு பாறையிலும் வால் இன்னொரு பாறையிலும் மாட்டிக்கொள்ளும். வெள்ளம் அதைக் குறுக்கே புரட்டிவிடும். ஆகவே மூக்கும் வாலும் இல்லாத ஒன்றைச் செய்தார்கள். பரிசல் என்பது வட்டக்கூடை. மூங்கிலால் முடைந்து, முன்காலத்தில் மாட்டுத் தோல் போர்த்தினார்கள். பிற்காலத்தில் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெள்ளம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே அதற்கு முன்பக்கம். பாறையில் இடித்தால் சுழன்று விலகிப் போகும். அடி தட்டையாதலால் முழங்காலளவு நீரிலும் மிதக்கும்.

விஜயநகரத்துக்கு 1520-ஐ ஒட்டி வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் மக்கள் இப்படிப்பட்ட தோல் போர்த்த கூடைகளில் கடப்பதையும், குதிரையும் மாடும்கூட அவற்றில் ஏறிப் போவதையும் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கிரேக்க ஆசிரியர் ஹெரடோடஸ் பாபிலோன் நகரத்தில் கண்ட வட்டப் படகுகளைப் பற்றிச் சொல்வது இன்னும் ரசமானது. யூப்ரடீஸ் நதியில் சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். பாபிலோன் சேர்ந்ததும் சரக்கை விற்று, படகின் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்களாம். எதிர்நீச்சல் போட அந்தப் படகால் ஆகாது. நம் பரிசல்காரர்களோ கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடந்து மேலே போவார்கள். ஆற்றில் விடும் எதற்கும் போவது பாதிக் கணக்கு, திரும்புவது மறுபாதி. வட்டப் படகைக் கண்டவன் இந்த இரண்டு பாதியையும் கூட்டிப் பார்த்தே வடிவத்தைத் தீர்மானித்தான்.

நிலைத்த நீருக்கு மூன்றாவது விடை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்திலும், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலும் சுவாமி உலா வரும் தெப்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தெப்பம் சதுரமாக இருக்கும். அகலம் அதிகம். காலிப் பீப்பாய்களின் மேல் சட்டம் கோத்து, மேலே மண்டபம் கட்டியிருப்பார்கள். வேகம் அதற்கு வேண்டியதில்லை. கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். அதற்கு வேண்டியதெல்லாம் ஆடாமல் இருப்பது. அர்ச்சகரும் மேளக்காரரும் ஒரே பக்கம் ஒதுங்கினாலும் சாயக்கூடாது. அகலமே அதன் தர்மம்.

நான்காவது விடை, நம் வட்டாரத்துக்கே உரியது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் தொடங்கினார்கள். முதலில் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு வடக்கே பழவேற்காட்டு ஏரியோடும் அதற்கு அப்பாலும் அதை நீட்டிக்கொண்டு போனார்கள். 1877-78 பஞ்சத்தில் கூலி வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெட்டி இணைத்தார்கள். 1878-இல் அப்போதைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 800 கிலோ மீட்டர். இதில் உப்பும் விறகும் ஏற்றிப் போன படகுகள் நீளமானவை, ஒடுக்கமானவை, அடி தட்டையானவை. கால்வாய் அகலமில்லாதது, ஆகவே ஒடுக்கம். ஆழமில்லாதது, ஆகவே தட்டை. நிறையச் சரக்கு வேண்டும், ஆகவே நீளம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் ஆகாவிட்டால் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு இழுப்பார்கள். பட்டினப்பாலையின் பஃறி உப்புக்கு நெல் மாற்றி வந்ததல்லவா? அந்தத் தொழிலை இந்தப் படகுகள் பதினெட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் நடத்திக்கொண்டிருந்தன.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே வெகுகாலம் தலைமை இடம். ஆனால் கோட்டைக்குச் சொந்தக்காரர்களின் கப்பல் ஏரிக்குள் வர முடியாது. பெரும்பாலான இடங்களில் ஆள் நின்றால் முழுகாத ஆழமே உள்ள காயல் அது. துணி மூட்டைகள் சின்னப் படகுகளில் ஏறி முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கப்பலை அடைந்தன. தட்டையான அடியும், ஒரு மூங்கில் கழியும், அதை எங்கே ஊன்ற வேண்டும் என்ற அறிவும் இருந்தவன்தான் அந்த ஏரிக்கு உண்மையான துரை.

சென்னை மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் இந்தக் கலங்களையெல்லாம் கரை கரையாகப் போய்ப் பார்த்து, 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். அதைப் படிக்கும்போது ஒன்று மனத்தில் பதிகிறது. இவற்றில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. ஒவ்வொன்றும் தன் நீரில் ராஜா. அடுத்தவன் நீரில் பரதேசி.

இதே முடிவுக்கு மேல்நாட்டு விஞ்ஞானம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1867-இல் இங்கிலாந்தின் டார்ட் நதியில் இரண்டு வகை மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதனை செய்தார். ஒன்றுக்கு அண்டங்காக்கை என்றும் மற்றொன்றுக்கு அன்னம் என்றும் பொருள்படப் பெயர் வைத்தார். எது குறைந்த சிரமத்தில் ஓடும் என்று பார்த்தால், மெதுவாக இழுக்கும்போது ஒன்று முந்தியது. வேகமாக இழுக்கும்போது மற்றது முந்தியது. எல்லா வேகத்துக்கும் உத்தமமான ஒரே வடிவம் கிடையாது என்று அவர் கண்டுகொண்டார். நம் ஊர் மரக்காரனிடம் கேட்டிருந்தால் கயிற்றை முறுக்கிக்கொண்டே சொல்லியிருப்பான்.

இப்போது நம் பலகைக்கு வருவோம். ஹவாய்த் தீவின் வைக்கீக்கி கடற்கரையில், அலைச்சறுக்குக் கற்றுக் கொடுக்கும் ஆட்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலகைமேல் துடுப்போடு நின்று தங்கள் மாணாக்கர்களைக் கவனித்துக்கொண்டார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெயர்ட் ஹாமில்டன் முதலிய அலைச்சறுக்கு வீரர்கள் அந்தப் பழக்கத்தைப் புதுப்பிக்கவே, அது தனி விளையாட்டாகி உலகமெல்லாம் பரவியது. கடலில் பிறந்த அந்தப் பலகை பிற நாட்டு ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் போனபோது என்ன நடந்தது? நம் கரைகளில் ஈராயிரம் ஆண்டில் நடந்தது அங்கே இருபது ஆண்டில் நடந்துவிட்டது. ஒரே பலகை பல வடிவங்களாகப் பிரிந்தது.

அடியைக் கொண்டு பார்த்தால் இரண்டு குலம். ஒன்றின் அடி தட்டை. மூக்கு கரண்டிபோல் உருண்டிருக்கும். தண்ணீரின் மேல் வழுக்கிப் போகும். மற்றதன் மூக்கு படகின் முகப்புப்போல் கூர்த்திருக்கும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஏரியில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நெடுந்தூரம் போக விரும்புகிறவனுக்குக் கூர்மூக்கு நல்லது. பன்னிரண்டரை அடி நீளமுள்ள ஒடுக்கமான பலகை துடுப்புக்குத் துடுப்பு நேராக ஓடும். இது கால்வாய்ப் படகின் வம்சம். கற்றுக்கொள்கிறவனுக்கும், குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறவனுக்கும் பத்து, பதினோரு அடி நீளமும் 32 முதல் 34 அங்குல அகலமும் உள்ள தட்டைப் பலகை போதும். அது தெப்பத்தின் வம்சம். ஓடும் ஆற்றுக்கு வேண்டியது குட்டையான, அகலமான, மூக்கும் வாலும் மேலே வளைந்த பலகை. ஒன்பது அடிக்கு உள்ளே, 34 அங்குலத்துக்கு மேலே. சட்டென்று திரும்ப வேண்டும். சுழிக்குள் மூக்கைக் கொடுக்கக் கூடாது. அதுவே பரிசலுக்குப் பங்காளி.

அடியில் மீனின் துடுப்புப்போல் ஒரு தகடு மாட்டியிருப்பார்கள். நேராகப் போக உதவுவது அது. ஆழமான நீரில் அது நீளமாக இருக்கலாம். பாறையும் மணல் திட்டும் உள்ள ஆற்றில் அது தட்டி நின்றால், பலகை நிற்கும், ஆள் முன்னால் போய் விழுவான்! அங்கே குட்டையான, வளைந்து கொடுக்கும் தகடே தக்கது. நம் ஏரிகளில் பாசியும் கொடியும் மண்டிக் கிடப்பதால், பின்பக்கம் சாய்ந்த தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும். நிமிர்ந்த தகடு கொடியை அரிவாள்போல் வாரிக்கொள்ளும். துடுப்பு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தால் சரி.

காற்றடித்து விறைப்பாக்கும் பலகை என்று ஒன்று வந்திருக்கிறது. அதன் மேல் தோலையும் அடித் தோலையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் பிணைத்து நிற்பதால்தான், கார் டயரில் பாதியளவு அழுத்தத்தில் காற்றடித்தாலும் அது பந்துபோல் உப்பாமல் பலகையாகவே இருக்கிறது. ஆற்றுப் பாறைக்கு இதுவே உசிதம்; மசூலாப் படகைப்போல் இடித்தால் நெளிந்து கொடுக்கும். காற்றைப் பிடுங்கிச் சுருட்டினால் முதுகில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலிலேயே வீடு திரும்பலாம். ஹெரடோடஸ் கண்ட கழுதையின் வேலையை ரயில் பார்த்துக்கொள்ளும்.

ஆக, கடைக்காரரிடம் போவதற்கு முன் தண்ணீரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எவ்வளவு ஆழம்? எவ்வளவு ஓட்டம்? திரும்பி வர வழி என்ன? சரித்திரத்தில் நாம் பார்த்த ஒவ்வொரு வடிவமும் இந்த மூன்றுக்கும் சொல்லப்பட்ட பதிலே.

இந்தக் கேள்விகளைக் கேளாதபோது என்ன ஆகும் என்பதற்கும் நம் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. 2011 டிசம்பர் 25-ஆம் நாள், விடுமுறைக்குப் பழவேற்காடு வந்த ஒரு கூட்டம் மீன்பிடிப் படகொன்றில் உல்லாசமாகப் புறப்பட்டது. படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கரையிலிருந்து பார்த்தால் பழவேற்காட்டைப்போல் சாதுவான நீர் வேறில்லை. ஆனால் அது ஏரி மட்டுமல்ல. ஆரணியாறும் அதில் வந்து விழுகிறது, முகத்துவாரத்தில் கடலும் மூச்சு விடுகிறது. ஒரே நீர்ப்பரப்புக்குள் மூன்று குணம். வலைக்கும் சில ஆட்களுக்குமாகக் கட்டிய படகு, விடுமுறைக் கூட்டத்துக்கு ஏற்ற படகாகிவிடாது.

கொசஸ்தலை விஷயமும் அப்படியே. ஆண்டில் பல மாதம் அதில் பலகை விட இடமிராது, மணலும் முள்ளும்தான். ஐப்பசி கார்த்திகையில் பூண்டி நிரம்பி மதகு திறந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடும்படி பாய்ந்து வரும். பலகை மிதக்கத்தக்க நாளெல்லாம் பலகையோடு இறங்கத் தகாத நாள்! மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே என்று கலங்கல் நீரில் தெரியாது. தடுப்பணையைத் தாண்டி விழும் நீர் கீழே திரும்பிச் சுழன்று, விழுந்தவனை விடாமல் அங்கேயே புரட்டும். ஓடும் நீரில் பலகையைக் காலோடு சேர்த்துக் கட்டும் கயிறும் ஆபத்து. கிளையிலோ தூணிலோ சிக்கினால் அதுவே யமபாசம். அங்கே இடுப்பில் கட்டி, ஓர் இழுப்பில் அவிழும் கயிறுதான் வேண்டும். உயிர்காப்பு அங்கி எந்த நீரிலும் வேண்டும். குடிநீர் ஏரிகளில் இறங்குமுன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்வதும் முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் வலை உலர்த்தும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஏரியின் படத்தைக் கைபேசி காட்டும். இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவர்தான் சொல்வார்.

அந்த மனிதரும் இன்று மாறிவிட்டார். கட்டி மிதக்கவிட்ட மரம் நம் கரைகளில் அரிதாகிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் வெகுவாகப் பெருகின. அவற்றில் இயந்திரம் இருக்கிறது. மீனவருக்கு உழைப்பு மிச்சம். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் மரத்தோடு சேர்ந்திருந்த ஒரு பழக்கத்தை இங்கே சொல்லி வைக்கத் தோன்றுகிறது. கட்டை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாக வெயிலில் உலர்த்துவார்கள். அடுத்த முறை இறங்கும்போது மறுபடியும் கட்டுவார்கள். சிறு மீனுக்கு மூன்று கட்டை போதும். நாகப்பட்டினத்துப் பக்கம் கோலா மீன் பருவத்தில் ஏழு கட்டை சேர்த்துக் கோலாமரம் கட்டியிருக்கிறார்கள். முதல் நாள் வடிவம் மறுநாளுக்குச் சரி என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில்லை. விடியுமுன் எழுந்து, கரையில் நின்று, கடலை ஒரு முறை நன்றாகப் பார்த்த பிறகுதான் கயிற்றைக் கையில் எடுத்தார்கள்.